சமவாய்ப்பு எண்

செக்காலை ரோட்டில் என் கடை.
மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்,
கரண்ட் போனால் பன்னிரண்டு நிமிஷம் தாங்கும் ஒரு யூபிஎஸ்.
ஜூன் மாதம் முழுக்க
சுற்றுவட்டாரத்துக் கட்-ஆஃப் எல்லாம்
என் விரல் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது.

கணக்கு அப்படியே.
இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி.
தமிழில் தொண்ணூற்றொன்பது வாங்கிய பையன் ஒருவன் கேட்டான்,
"அது எங்கக்கா சேரும்?"
எங்கேயும் சேராதுடா.
அதை நீயே வைத்துக்கொள்.

இன்று இரண்டு பேர், ஒரே பெஞ்சில்.
ஹபீபா, புதுவயல். அத்தா அரிசி மில்லில் மூட்டை எண்ணுகிறார்.
உமையாள், பள்ளத்தூர். அப்பச்சி ஈப்போவில்.
ஓடிபி அவர் போனுக்குப் போகிறது.
இங்கே மணி நாலு, அங்கே ஆறரை,
ஆறு எண்ணையும் அவர் கண்ணாடி தேடிப் படிப்பதற்குள்
காலாவதி.
மூன்று முறை.

இருவருக்கும் நூற்று எண்பத்தெட்டரை.
உமையாளின் தாயார் திரையைத் தொட்டுப் பார்க்கிறார்.
"ரெண்டு பேரும் சமந்தானே?"
சமந்தான் ஆச்சி.
ஆனால் வரிசையில் சமம் என்று ஓர் இடம் கிடையாது.
முதலில் கணக்கைப் பார்ப்பார்கள்:
ஹபீபா தொண்ணூற்றாறு, உமையாள் தொண்ணூற்றைந்து.
அதுவும் ஒன்றாக இருந்தால் இயற்பியல்,
அப்புறம் மற்றது, அப்புறம் மொத்தம்,
அப்புறம் யார் முதலில் பிறந்தது என்று பார்ப்பார்கள்.
எல்லாம் தீர்ந்த பிறகு
இந்தப் பத்து இலக்கம்.

"இதை எப்படிப் போடுறாங்க?"
"கம்ப்யூட்டர் போடுது ஆச்சி."
"எதை வச்சு?"
"எதையும் வைக்காம."
ஆச்சி சிரித்துவிட்டார்.
"அப்ப பூக்கட்டிப் பாக்குற மாதிரி."

நான் சொல்லவில்லை.
இரண்டாயிரத்து ஒன்பதில்
பெரிய திரைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில்
சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்து
உட்கார்ந்திருந்தேன்.
எனக்கு முந்தின எண்ணுக்காரன் எழுந்து உள்ளே போனான்.
திரையில் ஒன்று, பூஜ்யம் ஆனது.
கவுன்ட்டரில் போய்க் கேட்டேன்.
அவர் தாளை விரலால் வருடிக்கொண்டே போனார்.
கணக்கு ஒன்று. இயற்பியல் ஒன்று.
அதுவும் ஒன்று. அதுவும்.
பிறந்த தேதியில் விரல் நின்றது.
அவருக்கே நம்ப முடியவில்லை.
"ரேண்டம் நம்பர்மா" என்றார்,
காலை மிதித்துவிட்டவர் சொல்வதுபோல.

அவன் முதுகுதான் தெரியும்.
நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை,
காலரில் விலைச்சீட்டு தொங்கிய நூல் மிச்சம்.
பெயர் தெரியாது.
ஒவ்வொரு செப்டம்பர் ஒன்பதும்
எங்களுக்கு வயது கூடுகிறது.
சில வருஷம் அவன் பெயிலாகிப் போகட்டும் என்றிருந்தேன்.
சில வருஷம், பாவம், நல்லா இருக்கட்டும்.
போன வருஷம்
அவனுக்கு முடி கொட்டியிருக்குமா என்று மட்டும் தோன்றியது.
என் இடத்தில் அவன் என்று சொல்ல முடியவில்லை.
அவன் இடத்தில் நான் என்றும் இல்லை.
அது ஒரே இடம்.

பெஞ்சில் உமையாள் மெதுவாகக் கேட்கிறாள்,
"அந்தப் பதினாலாவது ஒரு மார்க்குக்கு
நீ எதைப் போட்ட?"
"ஞாபகம் இல்லப்பா."
ஹபீபாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.
தாளின் ஓரத்தை மடித்து மடித்து
நகம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

யூபிஎஸ் கத்த ஆரம்பிக்கிறது.
பன்னிரண்டு நிமிஷம்.
ஆத்தா, அப்பச்சிக்கு மறுபடி போன் போடு.
கண்ணாடியைக் கையிலேயே வச்சுக்கச் சொல்லு.